காது முளைத்த வால்வு

ஜூன் 9

வாலுவுக்கு,

நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைமுடிதான் கொட்டுகிறது, அதற்கு முதலாளிதான் காரணம்.

உன் சிநேகிதி சுருட்டையின் வீட்டுக்குக் கடிதம் வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன்னை எத்தனை முறை சைக்கிளில் கொண்டுபோய் அங்கே விட்டிருக்கிறேன், கதவு எண் எனக்கு மறக்குமா? காரணம் இருக்கிறது. சில நாளில் நம் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே கிட்டார் ஆம்ப், தந்தியின் ஒலியைப் பெருக்குகிற கருவி. வெளியே எல்லோருக்கும் அது உன் பிறந்தநாள் பரிசு. உள்விஷயம் என்னவென்றால், எங்கள் இசைக்கருவிக் கடையில் இதை வாங்கி விற்கலாமா என்று முதலாளி யோசிக்கிறார். விலை குறைவு, ஹைப்ரிட் வகை. அதாவது ஒலியைப் பிடிக்கிற முன்பாதியில் பழைய ரேடியோக்களில் இருந்ததுபோல் ஒரு கண்ணாடி வால்வு, மீதியெல்லாம் ட்ரான்சிஸ்டர். கடையில் வைத்து வாசித்தால் எல்லா ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில், ஒரு சின்ன அறையில், ராத்திரி ஹெட்போன் போட்டுப் பழகுகிறவர்களுக்கு ஆகுமா என்று தெரியவேண்டும். அதற்கு உன்னைவிட நல்ல ஆள் யார்? நான் விட்டுவிட்டு வந்த கிட்டாரும் அங்கேதானே இருக்கிறது.

போனில் கேட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடுவார், நீயும் "சூப்பரா இருக்குண்ணா" என்பாய். எனக்கு அது வேண்டாம். குறையை எழுது. எவ்வளவு சின்னக் குறையானாலும் எழுது.

வாலுவுக்கு ஒரு வால்வு! எப்படி?

அண்ணன்

ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு இடுப்பு வலி, அது எப்போதும் உள்ளதுதான். உன் முடி கொட்டுவதற்கு முதலாளி காரணமில்லை, அப்பாவின் தலையைப் பார்த்தாலே தெரியும்.

பெட்டி வந்தது. அப்பாதான் பிரித்தார். உனக்கே தெரியும், தன் கடையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து எடுத்து வைப்பதுபோல் எதையும் பதறாமல் செய்வார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "நல்ல பொருள்தாம்மா. ஆனா இந்த வீட்ல சத்தம் கூடாது. ஹெட்போன் இல்லாம ஒரு நாள் போட்டேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே எடுத்துடுவேன். சரியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மூன்று முறை தலையாட்டினேன்.

கீழ்வீட்டு நர்ஸ் அக்கா மாடிப்படியில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, உங்க வீட்லயும் சத்தம் ஆரம்பிச்சிடுமா? மேல ஆள் இருக்காங்களா இல்லையான்னே எனக்குத் தெரியாது, கொடுத்துவச்சவன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். அம்மா சிரித்தாள்.

ஆம்ப்பை உன் பழைய பலகையில் வைத்திருக்கிறேன். சுவரில் அடித்த பலகை. நீ உன்னுடையதை வைத்த அதே இடம். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை, கெட்டுப்போனது என்று நினைத்து அழ இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒலி மெல்ல எழுந்தது. தூங்கி எழுந்தவர் பேசுவதுபோல் முதலில் கரகரப்பு, அப்புறம் தெளிவு. சி கார்டைப் பிடித்துத் தந்திகளை ஒரே ஒரு முறை இழுத்துவிட்டு அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

குறை: ஹெட்போன் ஒயர் குட்டை. வால்வு சிவப்பாக ஒளிர்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் கதவிடுக்கு வழியாக வெளியே தெரியும். அதனால் பாவாடையை மடித்துக் கதவடியில் வைக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் வாலு

ஜூன் 26

வாலு,

அம்மாவின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே நான் சௌக்கியம்.

நல்ல அறிக்கை. முதலாளி படித்துவிட்டு, "யாருப்பா இந்த எழுத்தாளர்?" என்றார். ஒரு விஷயம் சொல்கிறேன், மனசு உடையாதே. அந்தச் சிவப்பு வெளிச்சம் வால்வுடையது இல்லை. வால்வுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு ஒட்டியிருக்கிறார்கள். உண்மையான வால்வு அவ்வளவு எரியாது. பார்க்கிறவர்களுக்கு உள்ளே கதகதப்பாக இருப்பதுபோல் தெரியவேண்டும், அவ்வளவுதான். விலை குறைந்த ஆம்ப்பில் இந்த வேலையெல்லாம் உண்டு.

இனி, உள்ளே வருகிற ஒலியைப் பெருக்குகிற கெயின் என்று எழுதிய குமிழைப் பாதிக்கு மேல் திருப்பிப் பழகு. வால்வின் குணம் அங்கேதான் தெரியும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது உள்ளே இரைச்சலோ வேறு சத்தமோ வருகிறதா என்று கவனி.

அண்ணன்

ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

வேறு சத்தம் வருகிறது.

கெயினை நீ சொன்னபடி வைத்தேன். இரைச்சல் கொஞ்சம்தான், மழை தூரத்தில் பெய்வதுபோல். பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிட்டார் கட்டிலில் கிடக்க, ஹெட்போனைக் கழற்றாமல் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது கதவைத் திறந்தால் பழகுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அப்போது "ணங்" என்று ஒரு சத்தம். சமையலறையில் தட்டு விழுந்தால் வருகிற மாதிரி, ஆனால் என் தலைக்குள். கிட்டாரைத் திரும்பிப் பார்த்தேன், அதன் பக்கத்தில் யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி "ணங்". அப்புறம் ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். வீடு அமைதியாக இருந்தது. அப்பா பேசுவது மட்டும் லேசாகக் கேட்டது. கடையில் கண்ணைச் சோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பாரே, அந்தக் குரல். "இப்போ தெளிவா இருக்கா? இப்போ?"

மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நேற்று மறுபடி வந்தது.

இது ஆம்ப்பின் கோளாறா அண்ணா? உடனே எழுது. ராத்திரியில் அதைப் போடவே பயமாக இருக்கிறது, போடாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

அம்மா இரண்டு நாளாக இடது கையால் துணி பிழிகிறாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, பீரோ கதவு இடிச்சிடுச்சு" என்றாள்.

உன் வாலு

ஜூலை 16

வாலு,

நலமாக இருக்கிறாயா? இங்கே வேலை அதிகம், மற்றபடி நன்றாகவே இருக்கிறேன்.

பயப்படாதே. இது தெரிந்த கோளாறுதான். சில வால்வுகளுக்கு உள்ளே இருக்கும் கம்பிகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெளியே ஏதாவது அதிர்ந்தால் அந்த அதிர்ச்சியையே சத்தமாக மாற்றிவிடும், மைக் மாதிரி. எங்கள் பட்டறையில் இதற்குக் "காது முளைத்த வால்வு" என்று பெயர். பென்சில் முனையால் வால்வை மெதுவாகத் தட்டிப் பார். அதே "ணங்" வந்தால் சந்தேகமே இல்லை.

ஒலிபெருக்கியில் போட்டுக் கெயினை முழுக்கத் திருப்பினால் இன்னும் மோசம். ஓர் அதிர்ச்சி போதும், தன் சத்தத்தைத் தானே கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும். நிறுத்தவே நிறுத்தாது. ஹெட்போனில் அந்தத் தொல்லை இல்லை.

பலகையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் மேசைமேல் வை. அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் போடு. சரியாகிவிடும். நான் அங்கே இருந்தபோது வைத்திருந்தது முழுக்க ட்ரான்சிஸ்டர். அதற்குக் காது கிடையாது.

பரீட்சை எப்போது? கணக்கை விட்டுவிடாதே.

அண்ணன்

ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள்.

பென்சிலால் தட்டினேன். அதே "ணங்". ஜன்னல் பக்கம் மேசையில் வைத்தேன். நான்கைந்து இரவுகள் ஒன்றுமில்லை. நீ சொன்னது சரி என்று நிம்மதியாக வாசித்தேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு காலை அம்மாவின் காதுக்குக் கீழே நீலமாக இருந்தது. "தூக்கத்துல கட்டில் சட்டத்துல இடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

அதனால் ஆம்ப்பை மறுபடி பலகைக்கே கொண்டுவந்தேன். அன்றே "ணங்" வந்தது.

அண்ணா, நான் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன், நீ கிழித்துப் போட்டுவிடு. பலகை அடித்திருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய அறை. அப்பா கத்துவதில்லை. அம்மாவும் கத்துவதில்லை. அம்மா சுவரில் போய் மோதும்போது சுவர் மட்டும் அதிர்கிறது. சுவர் பலகைக்குச் சொல்கிறது, பலகை வால்வுக்குச் சொல்கிறது, வால்வு எனக்குச் சொல்கிறது. இந்த வீட்டில் வேறு யாரும் எனக்கு எதுவும் சொல்வதில்லை.

ஆம்ப்பில் கோளாறு இல்லை.

நீ வா. ஒரு நாள் வந்தால் போதும். நீ உயரமாக இருக்கிறாய். அம்மாவை உன்னோடு கூட்டிப்போ. என்னைக் கூட்டிப்போகாவிட்டாலும் பரவாயில்லை, நான் விடுதியில் சேர்ந்து படிக்கிறேன். பதிலைச் சுருட்டை வீட்டுக்கே எழுது. போனில் மட்டும் எதுவும் கேட்டுவிடாதே. இதை எழுதும்போதே கதவுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. யாருமில்லை, எட்டிப் பார்த்துவிட்டேன்.

உன் வாலு

ஆகஸ்ட் 20

வாலு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிறது. காய்ச்சல். இப்போது தேவலை.

கடையில் இது விற்பனைக் காலம். விடுப்புக் கேட்டால் முதலாளி முகம் தூக்குவார். என் அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறோம், அம்மாவைக் கொண்டுவந்து எங்கே உட்காரவைப்பது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது, சிரித்தாள்கூட.

உனக்குப் பரீட்சைப் பயம். ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தால் எதைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் தோன்றும். எனக்கும் அந்த வயதில் அப்படி இருந்தது. பலகைக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் வைத்துப் பார். இல்லையென்றால் கெயினைக் குறை.

அண்ணன்

ஆகஸ்ட் 29

அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டது குறித்து மகிழ்ச்சி. கஞ்சி குடித்து ஓய்வெடு.

நீ பேசிய ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். போன் அப்பாவின் கையில் இருந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராக, முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுவதுபோல் பிடித்திருந்தார். "பையன் கேக்குறான் பாரு, சொல்லு" என்றார். அம்மா சிரித்தாள். உனக்குச் சிரிப்பு மட்டும் கேட்டிருக்கிறது. அந்தப் போனுக்குக் காது கிடையாது.

நீ சொன்னபடி ஸ்பாஞ்ச் வைப்பதற்காகப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினேன். திருப்புளி வழுக்கிக் கையில் கிழித்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை. பலகையின் பின்பக்கம் ஏற்கெனவே ஒரு ஸ்பாஞ்ச் இருந்தது அண்ணா. நீளமாக, ஓரம் பிசகாமல் பிளேடால் வெட்டி, பசை தடவி ஒட்டியது. பழுப்பேறிப் போய், தொட்டால் உதிர்கிறது. அதனால்தான் இப்போது அது எதையும் தடுக்கவில்லை. இவ்வளவு நேர்த்தியாக வெட்டுகிற ஆள் இந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான்.

உன் ஆம்ப் முழுக்க ட்ரான்சிஸ்டர், அதற்குக் காது இல்லை என்று நீயே எழுதினாய். அப்படியானால் இந்த ஸ்பாஞ்ச் யாருடைய காதுக்காக?

நான் கோபமாக எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். எத்தனை வயதில் ஒட்டினாய்? ஒட்டிய பிறகு உனக்குத் தூக்கம் வந்ததா? அதை மட்டுமாவது எழுது. வந்தது என்றால் நானும் புதிதாக ஒன்று வெட்டி ஒட்டிக்கொள்கிறேன்.

வாலு

அக்டோபர் 4

வாலு,

இத்துடன் புது வால்வு அனுப்பியிருக்கிறேன். நான்கைந்தைத் தட்டிப் பார்த்து, சத்தமே எழாததாகப் பொறுக்கினேன். ஆம்ப்பை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டுப் பழையதை நேராக மேலே இழு. புதியதைத் துணியால் பிடித்துக்கொள், கண்ணாடியில் கை படக்கூடாது. ஊசிகளைத் துளைக்கு நேராகப் பார்த்துவிட்டு அழுத்து. பழையதைத் தூர எறிந்துவிடு.

இனி எதுவும் கேட்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் இப்போது கீழ்வீட்டு நர்ஸ் அக்காவின் முன்னறையில் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்றால், இருக்கிறோம்.

நீ சொன்னபடியே வால்வை மாற்றினேன். ஊசி ஒன்றுகூட வளையவில்லை. நல்ல வால்வு. ஒலி சுத்தமாக இருந்தது, கெயினை எவ்வளவு திருப்பினாலும் மழை இரைச்சல்கூட இல்லை. அன்று ஆசை தீர வாசித்தேன். எந்தச் சத்தமும் குறுக்கே வரவில்லை. காலையில் அம்மா பல்லைக் கையில் வைத்துக்கொண்டு கழுவுதொட்டி முன்னால் நின்றாள். "கால் வழுக்கிடுச்சு" என்றாள். நான் வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

பழைய வால்வை நான் தூர எறியவில்லை. திரும்ப மாட்டினேன். பலகையை வெறும் சுவரில் மறுபடி திருகி, ஆம்ப்பை அதில் வைத்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, ஜன்னலைத் திறந்தேன். கெயினையும் வால்யூமையும் கடைசிவரை திருப்பினேன். ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் போட்டேன். பிறகு சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அதையும் உண்மையாகத்தான் வேண்டினேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஓர் அதிர்ச்சிதான். அது ஊளையிட ஆரம்பித்தது. நான் அப்படி ஒரு சத்தத்தை எங்கும் கேட்டதில்லை. நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. இத்தனை வருஷம் அம்மா போடாத சத்தத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்து போடுவதுபோல் இருந்தது. எதிர்வீட்டு டெய்லர் வீட்டில் விளக்கு எரிந்தது. டெய்லர், "யோவ், யாருய்யா அது? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினார். மாடிப்படியில் காலடிச் சத்தம்.

அப்பா என் அறைக்குள் வந்து சுவிட்சை அணைத்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "என்னம்மா சத்தம்?" என்றார்.

"வால்வு கோளாறுப்பா. அண்ணா சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றேன்.

அதற்குள் கதவைத் தட்டினார்கள். அப்பா போவதற்குள் அம்மா பழக்க தோஷத்தில் போய்த் திறந்துவிட்டாள். நர்ஸ் அக்கா திட்டத்தான் வந்திருந்தாள். "ஏங்க, காலையில டூட்டிக்குப் போக வேண்டாமா..." என்று ஆரம்பித்தவள், அம்மாவின் வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்ற டெய்லரிடம், "சின்னப்பொண்ணு சார், தெரியாம திருகிட்டா, மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டார். டெய்லரும், "அதனால என்ன சார், உங்களை எனக்குத் தெரியாதா?" என்று இறங்கிப் போய்விட்டார். அவர் மூக்கில் இருந்தது அப்பா போட்டுக்கொடுத்த கண்ணாடி.

நர்ஸ் அக்கா மட்டும் போகவில்லை. "நீங்க கொஞ்சம் கீழ வாங்க. மருந்து வைக்கணும்" என்று அம்மாவின் நல்ல கையைப் பிடித்தாள். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா விடவில்லை. நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன், செருப்பில்லாமல்.

நீ இதைப் படித்துவிட்டு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைக்காதே. அம்மா என்னோடு பேசுவதில்லை. வந்த அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "தெருவே கேக்குற மாதிரி பண்ணிட்டியேடி." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறாள். அப்பா தினமும் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று, "கோவம் தீந்துதா? வீட்டுக்கு வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போகிறார். அந்தக் குரலுக்கு அம்மா எழுந்து உட்காருகிறாள். இன்றைக்குப் புடவையைக்கூடச் சரிசெய்தாள். நாளை போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அவள் கால் அசைந்தாலும் பேனா நின்றுவிடுகிறது. ஆம்ப் மேலேயே இருக்கிறது. அப்பா அதன் ஒயரை வெட்டிவிட்டார் என்று அக்கா சொன்னாள்.

முதலாளியிடம் சொல். விலைக்கு நல்ல பொருள், தாராளமாக வாங்கி விற்கலாம். ஹெட்போன் ஒயர் மட்டும் குட்டை. நீ குறையை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய வால்வைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். அதைத் திருப்பி அனுப்புகிறேன். வழியில் உடையாமல் இருக்க, பலகையிலிருந்து உரித்த உன் ஸ்பாஞ்சில் சுற்றியிருக்கிறேன். உதிர்ந்தது போக மிச்சம் இருந்தது போதுமானதாக இருந்தது. நல்ல வால்வு அண்ணா. பக்கத்து அறையில் என்ன நடந்தாலும் அதற்குக் கேட்காது. உன்னிடமே இருக்கட்டும்.

தங்கை